அக்ரீ டு டிஸக்ரீ என்று யார் சொல்கிறார்கள்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ஆங்கில வகுப்பில்தான் அந்த வாக்கியத்தை முதலில் கேட்டேன். காபி நல்லதா, டீ நல்லதா என்று எங்களை இரண்டு பக்கமாகப் பிரித்து உட்காரவைத்து வாதாடச் சொன்னார் எங்கள் மேடம். கத்தல் அதிகமானதும், மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, "ஓகே, லெட்ஸ் அக்ரீ டு டிஸக்ரீ" என்று கையைத் தட்டி முடித்துவைத்தார். பிறகு பலகையில் எழுதி விளக்கினார். நீ உன் கருத்தில் இரு, நான் என் கருத்தில் இருக்கிறேன், இதற்கு மேல் சண்டை வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒப்புக்கொள்வது. வாதத்தை நாகரிகமாக முடிக்கும் வழி என்றார்.

நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பா வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அம்மா எங்கள் ஊர் முசரவாக்கத்திலிருந்து பஸ் ஏறி காஞ்சிபுரம் வந்து, நெசவுக்காரர் வீடுகளில் தார் சுற்றிக் கொடுப்பார். தார் என்றால், தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் நாடாவுக்குள் போடும் சின்னக் குழல், அதில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்ற வேண்டும். அவர்கள் இருவரும் எனக்குத் தராத ஒரு பொருள் என் கையில் இருந்தது என்றால் அது ஆங்கிலம். புதிதாக ஒரு வாக்கியம் கிடைத்தால் புதுச்செருப்பு மாதிரி அன்றைக்கே போட்டுக்கொண்டு நடப்பேன்.

இந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நான் நடந்த முதல் இடம் எங்கள் வீடுதான். படிப்பு முடிந்ததும் நான் டீச்சர் ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. எனக்கோ காஞ்சிபுரத்தில் ஆன்லைனில் பட்டுப்புடவை விற்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. வாரக்கணக்கில் பேசிப் பார்த்தாகிவிட்டது. ஒரு காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது மறுபடி ஆரம்பித்தார். நான், "லெட்ஸ் அக்ரீ டு டிஸக்ரீப்பா" என்றேன்.

"இன்னாமா அது?"

"உங்க எண்ணம் உங்களோட இருக்கட்டும், என் எண்ணம் என்னோட இருக்கட்டும். சண்டை வேணாம்னு அர்த்தம்."

"அதெல்லாம் சரி. திங்கக்கெழமை அந்த வேலைக்குப் போவியா, மாட்டியா?"

"போவேன்பா."

"அப்ப அத சொல்லு. எனக்கும் அதுல பங்கு குடுக்கற மாதிரி இன்னாத்துக்குப் பேசற?"

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார். அப்பா கோபப்படவில்லை. டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் புரியவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

கம்பெனி என்றால் பெரிய கட்டிடம் இல்லை. கோயிலுக்குப் போகும் வழியில் மாடி வீடு. கீழே புடவைகள், மேலே போட்டோ எடுக்கும் அறை. முதலாளியை எல்லோரும் சார் என்போம். பரம்பரை நெசவுக் குடும்பம், இப்போதும் அவர் உறவுக்காரர் வீடுகளில் தறி ஓடுகிறது. என் வேலை வாங்குபவர்களின் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது. வரும் புடவைகளைச் சரிபார்க்கிற பெண் கல்யாணமாகிப் போனதும் அந்த வேலையும் என்னிடம் வந்தது. எனக்குத் தறி தெரியும். பள்ளி விட்டதும் அம்மா தார் சுற்றும் வீட்டுக்குப் போய் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். பத்து வருடம் காதிலும் கண்ணிலும் விழுந்தது எங்கே போகும்?

ஒவ்வொரு புடவையோடும் உள்ளங்கை அளவு அட்டை ஒன்று போகும். நிறம், நீளம், கைத்தறி என்று அச்சடித்திருக்கும். அடியில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் என் கையெழுத்து.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் கைநாட்டு. பாங்க்கில் இருப்பவர்கள் மை டப்பாவை இவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கட்டைவிரலைப் பிடித்து அழுத்துவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நோட்டு முழுக்க எழுதிப் பழகித்தான் என் கையெழுத்தை அமைத்துக்கொண்டேன். கடைசி எழுத்தின் வால் மேலே ஏறி முதல் எழுத்தைத் தொடும். தினமும் இருபது, முப்பது அட்டையில் அதைப் போடும்போது கை வலிக்காது. ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒரு பெண் நான் சொன்னதை நம்பிப் புடவையைக் கட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். என் சொத்து என்று எனக்கு இருந்தது அதுதான்.

போன ஆடி மாதம் அந்தப் புடவை வந்தது. மயில்கழுத்து நிறம், அரக்கு பார்டர். மேசையில் விரித்து ஓரத்தைத் தடவினேன், கை நின்றுவிட்டது.

கைத்தறியில் நெய்யும்போது துணி சுருங்காமல் இருக்க, இரண்டு முனையிலும் ஊசி வைத்த கம்பு ஒன்றைக் குறுக்கே குத்தி இழுத்துப் பிடிப்பார்கள். கொஞ்சம் நெய்ததும் கழற்றி நகர்த்தி மறுபடி குத்துவார்கள். அந்த ஊசித் துளைகள் புடவையின் இரண்டு ஓரத்திலும் தெரியும். இடைவெளி ஒரே மாதிரி இருக்காது. நடுவில் டீ குடிக்கப் போயிருப்பார், பேச்சுச் சுவாரசியத்தில் நகர்த்த மறந்திருப்பார். மனுஷர் நெய்தது என்பதற்கு அதுதான் அடையாளம். இந்தப் புடவையில் துளைகள் தையல் போட்ட மாதிரி நெருக்கமாக, ஒரே சீராக ஓடின. திருப்பிப் பார்த்தேன். உடலும் பார்டரும் தனித்தனி நாடாவில் நெய்து கோத்த இடத்தில் கைக்கு ஒரு சொரசொரப்பு தட்டுப்பட வேண்டும். வழுவழு என்று இருந்தது.

என் கூடப் புடவை மடிக்கும் அக்காவைக் கூப்பிட்டேன். வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். தடவிப் பார்த்துவிட்டு, புடவையை என் பக்கம் தள்ளிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அதுவே பதில்.

சாரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"சார், இது கைத்தறி இல்ல சார். மெஷின்ல ஓட்னது."

"எங்க மாமா வீட்டுத் தறிம்மா அது. எனக்குத் தெரியாதா?"

"இந்தத் துளைய பாருங்க சார்."

அவர் பார்க்கவில்லை. "புதுசா ஒரு கம்பு வாங்கியிருக்காங்க. அதுல அப்டிதான் விழும்."

"அப்ப போய் அந்தத் தறிய ஒரு வாட்டி பாத்துட்டு வரட்டுமா சார்? பத்து நிமிஷம்தான். கம்பெனி வண்டியில போய்ட்டு வந்துடறேன்."

போனை எடுத்துப் பார்த்தார், கவிழ்த்து வைத்தார். சிரித்தார். "நீ அப்படி நினைக்கற, நான் இப்படி நினைக்கறேன். லெட்ஸ் அக்ரீ டு டிஸக்ரீ. சரியாம்மா?"

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த இடத்தில் யாரிடமும் சார் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பார்சல் கட்டுகிறவரை வாயை மூடச் சொல்வார். அக்காவின் பேச்சு பாதியில் இருக்கும்போதே எழுந்து போய்விடுவார். எனக்கு மட்டும் ஒரு முழு வாக்கியம், அதுவும் ஆங்கிலத்தில். படித்தவளுக்குப் படித்தவர் கொடுக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டு கீழே வந்தேன். கையெழுத்துப் போடாமல் அந்த அட்டையைப் புடவையோடு தனியாக எடுத்து வைத்தேன்.

"இன்னா சொன்னாரு?" என்றார் அக்கா. சொன்னேன். கையில் இருந்த புடவையை மடித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: "எங்கள தமிழ்ல திட்றாரு. உன்ன இங்கிலீஷ்ல திட்றாரு. வேற ஒண்ணும் இல்ல, அம்மாயி." சின்னப் பெண்ணைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்தப் பேச்சு பஸ்ஸில் என்னோடு ஏறிக்கொண்டது. காபி, டீ விஷயத்தில் அந்த வாக்கியம் சரியாகத்தான் வேலை செய்கிறது. நீ காபி குடி, நான் டீ குடிக்கிறேன், உலகத்தில் எதுவும் மாறாது. ஆனால் புடவை என்றால் ஒன்று கைத்தறியாக இருக்கும், இல்லை மெஷினாக இருக்கும். அது யாருடைய கருத்தும் இல்லை. வண்டியில் பத்து நிமிடம் போனால் தெரிந்துவிடுகிற விஷயத்தில் ஒருவர் அக்ரீ டு டிஸக்ரீ என்றால், அந்தப் பத்து நிமிடம் யாரும் போகக்கூடாது என்பதுதான் பொருள். நாம் 'சரி விடு' என்கிறோமே, அதைப் பெரும்பாலும் சொல்வது அலுத்துப்போனவர்கள். தோற்றவர்கள். இந்த ஆங்கில வாக்கியத்தை அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எந்தப் பக்கம் முடிவு ஏற்கெனவே விழுந்துவிட்டதோ அந்தப் பக்கத்து ஆள்தான் சொல்கிறார். திங்கட்கிழமை வேலைக்குப் போவதாக முடிவு செய்துவிட்டு அப்பாவிடம் நான் சொன்ன மாதிரி. அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேனே, வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு எதையும் நேராகப் பார்க்க முடியவில்லை. அதே தறியிலிருந்து வந்ததாகச் சொன்ன மற்ற புடவைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தன. அதுவே இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. முழுக்கத் தப்பாக இருந்தால் எளிது, நல்லதோடு ஒன்றிரண்டைக் கலந்தால் யார் கண்டுபிடிப்பது? நான்தான் தப்பாகப் பார்க்கிறேனோ என்றும் ஒரு நாள் தோன்றியது. அம்மாவிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். பெரிதாக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எந்தக் கை இவ்ளோ ஒழுங்கா குத்தும்?" என்று கேட்டார். அதோடு நிற்கவில்லை. "வேலைய பாத்துக்கோமா. அப்பா பேச்ச மீறிப் போயிருக்க" என்றார்.

பதினைந்து நாள் கழித்து, எடுத்து வைத்த புடவை அலமாரியில் இல்லை. கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்தேன். மயில்கழுத்து, அரக்கு பார்டர். மூன்றாவது படத்தில் மடித்த புடவையின் மேல் அட்டை. அட்டையில் என் கையெழுத்து.

நான் போடவில்லை. ஆனால் அது என் கையெழுத்துதான், வால் ஏறி முதல் எழுத்தைத் தொட்டது. பக்கத்தில் ஒரு சின்ன மைப்பொட்டு. பேனா கக்கிய ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அந்த வாரத்துப் புடவைகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒரு சந்தன நிறப் புடவையின் அட்டையில் அதே கையெழுத்து, அதே இடத்தில் அதே பொட்டு. யாரும் இரண்டு தடவை அச்சாக ஒரே மாதிரி கையெழுத்துப் போட முடியாது. இரண்டு படத்தையும் போனில் எடுத்து வைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

"போட்டோ எடிட் பண்றவங்க பழைய அட்டைய ஒட்டியிருப்பாங்கமா" என்றார் சார். படங்களைப் பார்த்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை. அதைக் கவனித்தேன்.

"எடுத்துடச் சொல்லுங்க சார். நான் போடல."

"படம்தானேம்மா. புடவையோட போற அட்டையில இருக்காது."

"படத்த பாத்துதான சார் வாங்கறாங்க."

"இங்க பாரு. உனக்கு இது பெருசா தெரியுது. எனக்கு சின்னதா தெரியுது. அக்ரீ டு டிஸக்ரீ."

"இல்ல சார்" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "அதுக்கு ரெண்டு பேரும் அக்ரீ பண்ணணும். நான் டிஸக்ரீ மட்டும்தான் பண்றேன்."

அவர் போனைக் கையில் எடுத்தார். பிறகு, சரி, பார்க்கிறேன் என்று தமிழில் சொன்னார்.

அடுத்த வாரம் புது அட்டைகள் வந்தன. கனமான தாள், தங்க எழுத்து, கோயில் கோபுரப் படம். 'சரிபார்த்தவர்' கோடு இல்லை. "இனிமே உனக்கு அந்தத் தொல்லை இல்லம்மா" என்றார் சார், எனக்கு ஏதோ உதவி செய்த மாதிரி. மயில்கழுத்துப் புடவையின் பக்கத்தில் 'விற்றுவிட்டது' என்று வந்திருந்தது. படத்தை யாரும் மாற்றவில்லை.

அன்று முழுக்கக் கையெழுத்தில்லாமல் அட்டைகளைப் புடவைக்குள் சொருகினேன். அக்கா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். "அம்மாயி, கோடு போனா கையும் போச்சா?" என்றார் கடைசியில். மறுநாளிலிருந்து, நான் தடவிப் பார்த்து உறுதி ஆன புடவைகளின் அட்டையில், கோபுரத்துக்குக் கீழே மிச்சமிருந்த கொஞ்சம் இடத்தில் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். உறுதி இல்லாததில் போடவில்லை. போட்ட ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். சார் இரண்டு தடவை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என்றைக்காவது கேட்கத்தான் போகிறார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன்.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பதில் எழுதுவது என் வேலை என்பதால் முதலில் படித்ததும் நான்தான். "வெப்சைட் படத்தில் அட்டையில் கையெழுத்து இருந்தது. எனக்கு வந்த அட்டையில் இல்லை, அட்டையே வேறு. புடவையையும் மாற்றி அனுப்பிவிட்டீர்களா? மகள் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கினேன்." கூடவே படம். மயில்கழுத்து, அரக்கு பார்டர்.

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அனுப்பவென்று தயார் பதில் ஒன்று இருந்தது. அட்டையின் வடிவம் மாறியுள்ளது, புடவை அதேதான், எங்களை நம்பியதற்கு நன்றி. அதில் பொய் ஒன்றுமில்லை. அனுப்பியிருந்தால் அந்த அம்மாவும் விட்டிருப்பார். அப்பாவிடம் போய் வேலை போய்விட்டது என்று சொல்கிற காட்சி கண் முன்னால் வந்தது. அவர் திட்ட மாட்டார், டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

தயார் பதிலை அழித்துவிட்டு எழுதினேன்: "நீங்கள் பார்த்த அதே புடவைதான் வந்திருக்கிறது. அதைச் சரிபார்த்தது நான். கைத்தறி என்று எனக்கு உறுதியாகத் தெரியாததால் நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. படத்தில் இருக்கும் கையெழுத்து வேறு புடவைக்குப் போட்டது. விருப்பமில்லை என்றால் திருப்பி அனுப்பலாம்." ஆங்கிலத்தில் ஒரு தடவை தப்புப் பார்த்துவிட்டு அனுப்பினேன். கீழே என் பெயரைப் போட்டேன்.

புடவை திரும்பி வந்த அன்று சார் கூப்பிட்டார். பார்சல் பிரிக்காமல் மேசை மேல் இருந்தது. நான் எழுதியதைத் தாளில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்.

"யார கேட்டும்மா இத அனுப்புன?"

"கேட்டிருந்தா அக்ரீ டு டிஸக்ரீன்னு சொல்லியிருப்பீங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். கோபத்தில் வரும் சிரிப்பா, மாட்டிக்கொண்ட சிரிப்பா, பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்ற சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "போம்மா, வேலைய பாரு" என்றார். பார்சலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தப் புடவையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து என் மேசையில் ஒரு கட்டு அட்டை இருந்தது. தங்க எழுத்து, கோபுரம், அடியில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கோடு. எனக்காக அச்சடிக்கச் சொன்னாரா, வேறு எவரையாவது அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட வைக்கப் போகிறாரா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மேலே இருந்த அட்டையை எடுத்து, நகத்தால் கோட்டின் மேல் சுரண்டிப் பார்த்தேன். மை வரவில்லை, அச்சடித்த கோடுதான். முதல் புடவையை விரித்து, ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனேன்.